இருபத்து நாலாவது பாரில் இறங்குபவர்

“பாதியிலேயே விட்டுவிடுகிறார்.” நம்ம ஊர் டெனர் சாக்ஸபோன் கலைஞரைப் பற்றி எந்தக் கச்சேரியின் இடைவேளையிலும் காதில் விழும் முதல் குறை இதுதான். பெயர் சொல்லத் தேவையில்லை. சென்னையில் ஜாஸ் கேட்கிற கூட்டம் சின்னக் கூட்டம், யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த சில வாரங்களில் அவருக்கு உள்ளூரிலேயே மூன்று மேடைகள் இருக்கின்றன. எழும்பூர் மியூசியம் தியேட்டரில் மிருதங்கத்தோடு ஒன்று. அடையாறில் ஒரு சிறிய அரங்கில் தன் குழுவோடும் ஒரு கஞ்சிரா இளைஞரோடும் ஒன்று. மயிலாப்பூரில் திறந்தவெளியில் நாகஸ்வரம், தவிலோடு ஒன்று. இந்த மூன்று மாலைகளையும் பழைய குறையைக் காதில் போட்டுக்கொண்டு கேட்கப் போனால், அவர் வாசிப்பில் இருக்கும் மிகச் சிறந்த முடிவு கண்ணில் படாமலே போய்விடும்.

குறை சொல்பவர்கள் இரண்டு அணி. சபாவில் பழகியவர்கள், அவருக்கு மூச்சு போதவில்லை என்கிறார்கள். கற்பனை ஸ்வரத்தை வளர்த்துக்கொண்டு போய்க் கோர்வை வைத்து எடுப்பில் நிறுத்துவதைக் கேட்டே வளர்ந்த காதுக்கு, ஸட்ஜத்தைத் தொடாமல் இறங்கிவிடும் ஒருவரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஜாஸ் தட்டுகளோடு வளர்ந்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். ஒரு கோரஸின் கடைசி பார் வரை வாசித்துவிட்டுத்தானே அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். இவர் கணக்கைத் தொலைக்கிறார், இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய வித்வானுக்குக் கூச்சப்பட்டு ஒதுங்குகிறார் என்பது அவர்கள் தீர்ப்பு. இரண்டு தீர்ப்பையும் நான் ஏற்கவில்லை.

அவர் விடும் இடத்தைக் கையில் தாளம் போட்டு எண்ணிப் பாருங்கள். 32 பார் கொண்ட பாட்டு, ஏ-ஏ-பி-ஏ என்று நாலு பத்திகள், பத்திக்கு 8 பார். நடுவில் வரும் ‘பி’தான் பிரிட்ஜ். பாருக்கு 4 அட்சரம் என்றால் ஒரு கோரஸ் 128 அட்சரம். ஆதி தாளத்தில் சரியாக 16 ஆவர்த்தனம். அவர் இறங்குவது எப்போதும் 24-வது பார் முடிவில். அதாவது பிரிட்ஜ் முடிந்த கையோடு, 12-வது ஆவர்த்தனம் நிறையும் இடத்தில். ஒரு கச்சேரியில் ஒரு முறை நடந்தால் தற்செயல் எனலாம். பாட்டுக்குப் பாட்டு அதே இடத்தில் நடக்கிறது. அந்த நேரத்தில் டபுள் பாஸ் வாசிப்பவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பியானோகாரரின் இடது கை ஒரு அட்சரம் முன்னாலேயே ஓய்ந்துவிடுகிறது. கணக்கைத் தொலைத்த ஒருவரைச் சுற்றி மற்ற மூன்று பேரும் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஏன் 24? இதற்கு விடை அவர் மிருதங்கத்தோடு சேர்ந்து அடிக்கடி எடுக்கும் ‘ஸோ வாட்’டில் இருக்கிறது. 1959-இல் வெளிவந்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டின் முதல் பாட்டு. முதல் 16 பார் ‘டி’யை ஆதாரமாகக் கொண்ட டோரியன். ஸ்வர அளவில் மட்டும் பார்த்தால் 2 கட்டையில் கரகரப்ரியா. (ராகம் என்று சொல்லிவிடக் கூடாது. கமகமும் பிடிகளும் இல்லாமல் கரகரப்ரியா ஏது?) பிரிட்ஜில் அந்த அமைப்பு முழுவதும் அப்படியே அரைக் கட்டை மேலே ஏறுகிறது. 2 கட்டை 2½ கட்டை ஆகிவிடுகிறது. 8 பார் கழித்து மறுபடி 2 கட்டைக்கு இறங்கி முடிகிறது.

பியானோவுக்கும் சாக்ஸபோனுக்கும் இதில் ஒரு சிரமமும் இல்லை. மிருதங்கத்துக்குத்தான் சிரமம். வலந்தலையை 2 கட்டைக்குச் சேர்த்து உட்கார்ந்திருக்கும் வித்வான் பிரிட்ஜில் ஒரு மீட்டு கொடுத்தால், அந்த ஸட்ஜம் 2½ கட்டையில் ஓடும் பியானோ மீது நேராக மோதும். அரை ஸ்வர மோதல், அரங்கத்தின் கடைசி வரிசை வரை கேட்கும். தம்புராவோ சுருதிப் பெட்டியோ ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் இவர் ஒத்திகையிலேயே சுருதிப் பெட்டியை அணைக்கச் சொல்லிவிடுகிறார். அதற்கும் அவர் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. “சுருதி இல்லாமல் என்ன கச்சேரி?” என்று கேட்பவர்கள், ‘ஏ’ பத்திகளில் டபுள் பாஸ் அந்த ஆதாரத்தை விடாமல் பிடித்திருப்பதையும் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குப் பெரும்பாலான ஃப்யூஷன் மேடைகள் கண்டுபிடித்த வழி எல்லோரும் அறிந்ததே. பிரிட்ஜை வெட்டிவிடுவது. ஒரே கார்டில் ஒரு மணி நேரம். ஆதாரம் நகராது, யாரும் யாரோடும் மோத மாட்டார்கள். 1980-இல் மும்பை ஜாஸ் யாத்ராவில் கர்நாடக சாக்ஸபோனும் ஜாஸ் சாக்ஸபோனும் ஒரே மேடையில் சேர்ந்து வாசித்தன. இத்தனை ஆண்டு கழித்தும் நம் அரங்குகளில் கூட்டு வாசிப்பு என்றால் ஜாஸ்காரர் தன் கார்டுகளைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு போகவில்லை. இது மரியாதை என்று சொல்லப்படுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு கலையின் பாதியை வெளியே நிறுத்திவிட்டு மீதியோடு கைகுலுக்குவதில் என்ன கூட்டு இருக்கிறது?

நம்மவர் பிரிட்ஜை வெட்டவில்லை. தானே வாசிக்கிறார். ஆதாரம் நகரும் அந்த 4 ஆவர்த்தனத்தையும் முழுப் பொறுப்போடு தன் தோளில் போட்டுக்கொள்கிறார். மிருதங்கம் அங்கே மீட்டைத் தவிர்த்து, தொப்பியிலும் சாப்பிலும் மெல்ல நடையை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறது. ஆதாரம் 2 கட்டைக்குத் திரும்பும் நொடியில் கடைசி ‘ஏ’ முழுவதையும் மிருதங்கத்திடம் கொடுக்கிறார். சுருதி சேர்ந்த வலந்தலைக்கு அந்தப் பாட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. கோரஸ் முடியும் வரை அவர் வாசித்துவிட்டு விட்டிருந்தால், அடுத்த கோரஸின் 17-வது பாரில் மிருதங்கம் மறுபடி பிரிட்ஜில் மாட்டியிருக்கும். பாதியில் விடுவதாக நாம் சொல்வது, பக்கத்தில் இருப்பவருக்கு இருப்பதிலேயே நல்ல பாதியைக் கொடுப்பது.

இறங்கும் அந்த ஒரு ஸ்வரத்தைப் பாருங்கள். சபாக்காரர்களை அதிகம் கோபப்படுத்துவதும் அதுதான். 24-வது பாரின் மூன்றாவது அட்சரத்தில் அவர் ‘சி’ ஸ்வரத்தைப் பிடிக்கிறார். பிரிட்ஜின் 2½ கட்டைக்கு அது சதுஸ்ருதி தைவதம். பிடித்தபடியே பார் கோட்டைத் தாண்டுகிறார். விரல் அசையவில்லை, உதடு அசையவில்லை. ஆனால் பாஸும் பியானோவும் 2 கட்டைக்கு இறங்கிவிட்டதால், அதே ஸ்வரம் இப்போது கைசிகி நிஷாதம். 25-வது பாரின் இரண்டாவது அட்சரத்தில் குழலின் வாயைத் தரை பக்கமாகத் தாழ்த்தி விடுகிறார். அந்தத் தாழ்த்தல்தான் மிருதங்கத்துக்குச் சைகை. நிஷாதத்தில் தொங்கவிட்ட வாக்கியத்தை மிருதங்கத்தின் முதல் மீட்டு ஸட்ஜத்தில் முடித்துவைக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வாக்கியம். அவர் தானே ஸட்ஜத்துக்கு வந்து நின்றிருந்தால் மிருதங்கத்துக்கு முடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. ‘டி’ டோரியனுக்கும் ‘இ ஃப்ளாட்’ டோரியனுக்கும் பொதுவாக இருப்பவை இரண்டே ஸ்வரங்கள், ‘எஃப்’பும் ‘சி’யும். அவற்றில் வீட்டுக்கு ஒரு படி கீழே நிற்கும் ஸ்வரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். மூச்சு போதாதவர் இவ்வளவு துல்லியமாகத் தேர்ந்தெடுத்த ஸ்வரத்தைப் பார் கோட்டைத் தாண்டிப் பிடித்து நிறுத்துவாரா?

சென்ற மாத ஒத்திகை ஒன்றை ஓரமாக நின்று கேட்கக் கிடைத்தது. “அண்ணா, பிரிட்ஜ் முடிஞ்சதும் உங்களது” என்று மட்டும் சொன்னார். மிருதங்க வித்வான், “நீ சொல்லவே வேண்டாம்ப்பா, குழலை இறக்கினா போதும், நான் எடுத்துப்பேன்” என்றார். அதற்குமேல் பேச்சில்லை. மேடையில் தயக்கமாக நமக்குத் தெரிவது அங்கே முடிவான ஏற்பாடு.

கிடைத்த 4 ஆவர்த்தனத்தில் வித்வான் என்ன செய்கிறார்? ‘ஸோ வாட்’டின் வழக்கமான காலப்பிரமாணத்தில் அது கால் நிமிடம்கூட இல்லை. முதல் இரண்டு ஆவர்த்தனத்தில் ஸ்விங் நடையோடு ஒட்டிப் போகிறார். ஸ்விங்கில் ஒரு அட்சரத்துக்குள் விழும் இரண்டு ஸ்வரங்கள் சமமாக இருக்காது, முதலாவது நீண்டு அடுத்தது குறுகும். அதில் திஸ்ரத்தின் சாயல் உண்டு என்பதால் திஸ்ர நடைக்கு மாறுவது இயல்பாக அமைகிறது. மீதி இரண்டு ஆவர்த்தனம் திஸ்ரத்தில் 48 மாத்திரை. போன கச்சேரியில் 14 மாத்திரைச் சொற்கட்டு ஒன்றை மூன்று முறை வைத்து, இடையில் மும்மூன்று மாத்திரை கார்வை விட்டார். 42-ம் 6-ம் 48. விழுந்த இடம் அடுத்த கோரஸின் முதல் அட்சரம். அதே அட்சரத்தில் பாஸும் பியானோவும் சேர்ந்துகொள்ள, சாக்ஸபோன் புதிதாக எழுந்தது. நாலு கலைஞர்களும் ஒரே எடுப்பில் வந்து விழுந்த அந்த இடத்துக்கு அரங்கம் எழுந்து நின்றிருக்க வேண்டும். கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் மட்டும் தலையாட்டினார்கள்.

எழுந்து நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. நமக்குப் பிடித்த கூட்டு வாசிப்பு சவால்-ஜவாப். இவர் ஒன்று வாசிக்க, அவர் அதையே திருப்பி வாசிக்க, வேகம் ஏற ஏறக் கைதட்டல். ஜாஸிலும் நாலு பார் நாலு பாராக மாற்றி மாற்றி வாசிக்கும் பழக்கம் உண்டு. நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் செய்யும் குறைப்புக்கு அது தூரத்து உறவு. தனியில் குறைப்பு வருவதற்கு முன்னால் எவ்வளவு வாசிப்பு நடந்திருக்கிறது என்று யோசியுங்கள். அந்த அடித்தளம் எதுவும் இல்லாமல் மேடை ஏறிய பத்தாவது நிமிடத்திலேயே குறைப்பைத் தொடங்கினால் வேகத்தைத் தவிர வேறென்ன காட்ட முடியும்? நம்மவர் அதற்கு இணங்குவதே இல்லை. அமைப்பாளர்கள் கேட்டும் இணங்கவில்லை. இதற்காக அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்களும் உண்டு. நான் அவர் பக்கம். பாட்டின் அமைப்புக்குள் இருந்தே இடம் எடுத்துத் தருபவர், பாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை காட்டுபவரைவிட உயர்ந்த கலைஞர்.

கோரஸ் முடியும் முன் இறங்குவது மரபுக்கு விரோதம் என்று சொல்லும் ஜாஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாலட் என்னும் மெதுவான பாட்டுகளில் பிரிட்ஜ் பக்கத்தில் ஆள் மாறுவது உங்கள் மரபில் எவ்வளவோ காலமாக இருக்கிறது. 1930-இல் வந்த ‘பாடி அண்ட் சோல்’ போன்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ‘ஏ’ ஒருவருக்கு, பிரிட்ஜிலிருந்து இன்னொருவருக்கு என்று பிரித்து வாசிப்பதையும், சோலோக்கள் முடிந்ததும் தலைப்பை முதலிலிருந்து எடுக்காமல் பிரிட்ஜிலிருந்து எடுத்து முடிப்பதையும் நீங்கள் எத்தனை பதிவுகளில் கேட்டிருப்பீர்கள்! நம்மவர் புதிதாகச் செய்ததெல்லாம் அந்த வழக்கத்தை நடுத்தர வேகப் பாட்டுக்குக் கொண்டுவந்ததும், 16-ஐ 24-க்கு நகர்த்தியதும்தான். அந்த நகர்த்தலுக்கான காரணம் பக்கத்தில் 2 கட்டைக்குச் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

அவருக்குத் தோற்கும் இடமும் இருக்கிறது. 12 பார் ப்ளூஸ். 48 அட்சரம், 6 ஆவர்த்தனம். இங்கே பிரிட்ஜ் கிடையாது. பழக்க தோஷத்தில் கடைசி 4 பாரை விட்டுக்கொடுத்து, 8-வது பாரில் இறங்கிவிடுகிறார். ப்ளூஸில் கார்டுகள் அதிகம் நகர்வது அந்தக் கடைசி நாலில்தான். ஐந்தாம் கார்டிலிருந்து நாலாம் கார்டுக்கு வந்து வீடு திரும்பும் வழி அது. மிருதங்கத்துக்கு இருப்பதிலேயே மோசமான 2 ஆவர்த்தனத்தை அங்கே கொடுத்துவிடுகிறார். இரண்டு கச்சேரிகளில் இது நடந்தது, இரண்டிலும் எடுப்பு தடுமாறியது. ப்ளூஸில் அவர் 12 பாரையும் முடித்து, அடுத்த கோரஸை முழுதாகக் கொடுக்க வேண்டும். முதல் 4 பார் பெரும்பாலும் வீட்டுக் கார்டிலேயே நிற்கும் என்பதால் மிருதங்கம் காலூன்ற அங்கே நேரம் கிடைக்கும்.

இனி வரப்போகும் மூன்று மாலைகள். மியூசியம் தியேட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய காலத்து அரங்கு என்பதால் குரலும் வாத்தியமும் தாமாகவே பரவும்படி அமைந்திருக்கிறது. அங்கே அவர் ‘சி’யை வழக்கத்தைவிட மெல்லப் பிடிப்பார், ஒரு அட்சரம் கூடுதலாகவும் பிடிப்பார் என்பது என் கணிப்பு. அரங்கமே அந்த ஸ்வரத்தைத் தாங்கும். முதல் கோரஸிலேயே இறங்கிவிடவும் வாய்ப்பிருக்கிறது. “இவ்வளவுதானா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். டிரம்ஸ் இல்லாத குழு என்பதால் தொப்பியின் கும்கி அங்கே தெளிவாகக் கேட்கும். அன்று கச்சேரியின் உச்சம் சாக்ஸபோன் வாசிக்காத ஒரு 4 ஆவர்த்தனத்தில்தான் வரும்.

அடையாறு மாலைதான் என் வாதத்துக்கே சோதனை. கஞ்சிராவை மிருதங்கம் போலச் சுருதிக்குச் சேர்ப்பதில்லை. தோலில் தண்ணீர் தடவி, இடது கையால் அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்கும் வாத்தியம் அது. பிரிட்ஜில் ஆதாரம் மாறினாலும் அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆக, நான் சொல்லும் காரணம்தான் உண்மையான காரணம் என்றால், அன்று அவர் 24-இல் இறங்கக் கூடாது. 16-வது பாரிலேயே இறங்கிப் பிரிட்ஜைக் கஞ்சிராவிடம் கொடுத்துவிட்டு, கடைசி ‘ஏ’க்குத் தானே திரும்ப வேண்டும். அதைத்தான் செய்வார் என்று அடித்துச் சொல்கிறேன். டிரம்ஸ் வாசிப்பவர் அந்த 8 பாரில் ரைடு சிம்பலை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் கஞ்சிராவின் ஒற்றைச் சலங்கை காதில் விழாது.

மயிலாப்பூர் மாலை கடினமானது. பாரி நாயனம் 2 கட்டையிலோ 2½ கட்டையிலோ செய்யப்பட்டது. எந்தக் கட்டைக்குச் செய்ததோ அதில்தான் அது முழு நாதத்தோடு பேசும். நடுவில் அரைக் கட்டை ஏறி அதே ஸ்வரங்களைப் பிடி என்று கேட்பது நியாயமில்லை. அங்கே அவர் பிரிட்ஜைத் தானும் வாசிக்காமல், பாஸுக்கும் பியானோவுக்கும் மட்டும் விட்டுவிடுவார் என்று எதிர்பார்க்கிறேன். நாயனமும் தவிலும் ஓய்ந்திருக்க, 4 ஆவர்த்தனம் இரண்டு வாத்தியம் மட்டும். பிறகு கடைசி ‘ஏ’யில் நாயனம் எழும். திறந்தவெளியில் அந்த எழுச்சியைக் கேட்கக் காத்திருக்கிறேன். ஒலிபெருக்கி வைப்பவர்கள் தயவுசெய்து நாயனத்துக்கும் தவிலுக்கும் முன்னால் மைக்கை நீட்டாதீர்கள். அந்தச் சேனல்களைப் பியானோவுக்கும் பாஸுக்கும் கொடுங்கள். இல்லையென்றால் பிரிட்ஜ் இருந்ததே யாருக்கும் தெரியாது.

இந்த ஏற்பாடு இன்னும் சில ஆண்டுகளில் நம் அரங்குகளின் பொது வழக்கமாகிவிடும் என்று நம்புகிறேன். இளைய மிருதங்கக் கலைஞர்கள் 32 பாரை 16 ஆவர்த்தனமாக எண்ணப் பழகிவிட்டார்கள். பிரிட்ஜில் மீட்டை நிறுத்தி வாசிப்பது அவர்களுக்கு ஏற்கெனவே கையில் வந்துவிட்டது. ஒரே கார்டில் ஒரு மணி நேரம் ஓட்டும் கச்சேரிக்கு அதன்பிறகு அவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜாஸ் மேடையில் ஒருவர் சோலோவை முடித்ததும் கைதட்டுவது வழக்கம்தான், நல்ல வழக்கமும்கூட. இவர் 24-வது பாரில் இறங்கும்போது நாம் தட்டும் கை, மிருதங்கத்தின் 4 ஆவர்த்தனத்தில் முதலாவதை முழுசாக விழுங்கிவிடுகிறது. நிஷாதத்தை முடித்துவைக்கும் அந்த முதல் மீட்டு யார் காதிலும் விழுவதில்லை. எழும்பூருக்குப் போகிறவர்கள் கையில் ஆதி தாளம் போட்டுக்கொள்ளுங்கள். 12 ஆவர்த்தனம் எண்ணி, அவர் குழலைத் தாழ்த்தும்போது கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அடுத்த எடுப்பு விழட்டும். அதன்பிறகு இருவருக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.